போரைக் காணாத கைகள் வரைந்த போர்

நண்பர்களே, வணக்கம். பைசாந்தியம் என்பது கான்ஸ்டான்டிநோபிளை (இன்றைய இஸ்தான்புல்) தலைநகராகக் கொண்ட கிழக்கு ரோமானியப் பேரரசு. பைசாந்தியப் போர் என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்கும் ஓவியம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு படகில் ஒருவன் குழாயைப் பிடித்திருக்கிறான். அதிலிருந்து பாயும் தீ எதிர்ப்படகைப் பற்றுகிறது. அதுதான் கிரேக்க நெருப்பு, பைசாந்தியர்களின் தீ ஆயுதம்.

அந்த ஓவியம் இருக்கும் கையெழுத்துப் பிரதி இன்று மத்ரித்தில், ஸ்பெயினின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 811 முதல் 1057 வரையிலான பேரரசர்களின் வரலாற்றை யோவான் ஸ்கைலிட்சஸ் என்ற பைசாந்திய வரலாற்றாசிரியர் கிரேக்க மொழியில் எழுதினார். அதற்குப் படம் வரைந்து உருவான பிரதி இது. மொத்தம் 574 ஓவியங்கள். படங்களோடு நமக்குக் கிடைத்திருக்கும் பைசாந்தியக் கிரேக்க வரலாற்று நூல் இது ஒன்றே.

ஆனால் இது கான்ஸ்டான்டிநோபிளில் உருவானதல்ல. 12ஆம் நூற்றாண்டில், நார்மன்கள் ஆண்ட சிசிலியில் உருவானது. பல ஓவியர்கள் பங்குபோட்டு வரைந்திருக்கிறார்கள். சிலரது கை பைசாந்தியப் பாணி, சிலரது கை மேற்கத்தியப் பாணி என்று பக்கம் புரட்டும்போதே தெரியும்.

இப்போது அந்தத் தீப்படகுக்கு வருவோம். 821இல் கிளர்ச்சி செய்த ஸ்லாவியரான தாமஸ், தலைநகரை முற்றுகையிட்டார். அவருடைய கப்பல்களை அரசின் கடற்படை எரித்தது. ஓவியர் அதை வரைந்தது ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து! குழாய் தெரிகிறது, தீ தெரிகிறது. திரவத்தைச் சூடாக்கும் அடுப்போ, அதை உந்தித் தள்ளும் விசையோ படத்தில் இல்லை. அந்த ரகசியத்தை எந்த அந்நியருக்கும் சொல்லாதே என்று பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தன் மகனுக்கு எழுதிவைத்த ஆயுதம் அது. ஆக, இந்தப் படத்தை வைத்துக்கொண்டு அந்தக் கருவியைத் திரும்பச் செய்துவிடலாம் என்று கிளம்புவது வீண் வேலை. எதிரியை எட்டும் தீயின் அச்சத்தைத்தான் ஓவியர் வரைந்தார், அதை அற்புதமாக வரைந்தார்.

விவிலியத்தின் யோசுவா நூலைப் படங்களாகச் சொல்லும், வத்திக்கானில் உள்ள யோசுவா சுருளிலும் இதே கதைதான்: நேரில் காணாத போரைத்தான் வரைந்திருக்கிறார்கள். 10ஆம் நூற்றாண்டு, சுமார் 10 மீட்டர் நீளம். விவிலியப் போர் வீரர்களுக்குப் பழைய ரோமானிய உடுப்பு!

சரி, அப்படியானால் இவற்றை எதற்குப் பார்க்க வேண்டும்? எதை வரையத் தேர்ந்தார்கள் என்பதற்காக. எனக்கு மிகப் பிடித்த பக்கத்தைச் சொல்கிறேன். 1034. சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) திராகேசியப் பகுதியில், பேரரசுக்காகப் போரிட்ட வட ஐரோப்பியர்களான வராங்கியக் கூலிப்படையினர் குளிர்காலத்துக்குத் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஒரு பெண்ணைப் பலவந்தப்படுத்த முயல்கிறான். அவள் அவனைக் கொன்றுவிடுகிறாள். ஓவியத்தில் அவள் கையில் ஈட்டி, அது அவன்மீது பாய்கிறது. அதே பக்கத்தில் அடுத்த காட்சி: அவனுடைய தோழர்களே வந்து அவளைப் பாராட்டி, செத்தவனின் உடைமைகளை அவளுக்குக் கொடுக்கிறார்கள். அவனைப் புதைக்காமலே விட்டார்கள் என்கிறது நூல்.

அந்தப் பெண்ணின் பெயர் நூலில் இல்லை. பேரரசர்களின் வரலாற்றில் அவளுக்கென்று ஓர் ஓவியம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. ஒதுக்கினார்கள். படையெடுப்பு, முற்றுகை, துரத்தல் என்று பக்கம் பக்கமாகப் போகும் நூலில், படை தங்கிய ஊரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்ததும் போரின் பகுதிதான் என்று இடம் பெற்றுவிட்டது. முழுப் பிரதியும் மத்ரித் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இருக்கிறது. தீப்படகோடு நின்றுவிடாதீர்கள், அப்புறமும் புரட்டுங்கள்.