"அண்ணா, உள்ள பாக்கலாமா?" – பஸ் வீட்டு வாசல்ல நின்னு காட்டுறது எப்படி

மக்களே வணக்கம். வண்டி இப்போ வேலூர்-திருவண்ணாமலை ரோட்டுல, கண்ணமங்கலம் தாண்டி ஒரு டீக்கடைக்கு எதிர்ல நிக்குது. பஸ்ஸை வீடா மாத்தி ஓட்டுறவங்க எல்லாருக்கும் எந்த ஊர்ல நிறுத்தினாலும் வர்ற ஒரு கேள்வி இருக்கு. "இன்னாணா, உள்ள வீடு கீதாமே, ஒரு வாட்டி பாத்துக்கட்டா?" இன்னிக்கு அதைப் பத்திதான் பேசப்போறேன்.

கேக்குறவங்க மேல கோவப்பட ஒண்ணுமே இல்ல. நம்ம வடஆற்காட்டு ஜனங்க மனசுல வெச்சுக்காம நேரா கேட்டுருவாங்க, அது ஒரு நல்ல குணம். ஆனா உள்ள இருக்கறது நம்ம படுக்கை, நம்ம துணி, கேஸ் சிலிண்டர், பேட்டரி. இதுக்கு நான் சொல்ற வழி, வண்டி கட்டும்போதே காட்டுறதுக்குன்னு ஒரு இடம் விட்டுருங்க. அந்தக் காலத்து வீட்டுல திண்ணை எதுக்கு இருந்துச்சு? வழிப்போக்கன் உக்காரலாம், தண்ணி குடிக்கலாம், பேசலாம், ஆனா நடுவீட்டுக்கு வரமாட்டான். பஸ்ஸுலயும் அதே மாதிரி, முன்வாசல் படி ஏறினதும் வர்ற முதல் நாலு, அஞ்சு அடியை திண்ணையா வெச்சுக்கோங்க. ஒரு பெஞ்ச், மடக்குற டேபிள், நாலு புஸ்தகம், ஒரு செடி. பாக்க வர்றவங்க கண்ணுக்கு அதுவே "அட, வீடுடா இது"ன்னு தெரியும்.

அதுக்குப் பின்னாடி ஒரு தடுப்பு. கிட்ட வாங்க, காட்டுறேன். வெறும் ஸ்கிரீன் துணி போட்டீங்கன்னா வர்றவங்க கை தானா அதை விலக்கும், அது மனுஷ இயல்பு. அதனால 12 எம்.எம். பிளைவுட்ல ஸ்லைடிங் கதவு. கீல் வெச்ச கதவு வேணாம், வண்டி திரும்பும்போது ஆடி ஆடி கீல் ஸ்க்ரூ கழண்டுரும். ஸ்லைடிங் கதவும் பிரேக் போட்டா தானா ஓடும், அதனால உள்பக்கம் ஒண்ணு, வெளிப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு தாழ்ப்பாள். வெளித் தாழ்ப்பாள்ல சின்னப் பூட்டு மாட்ட ஓட்டை இருக்கணும். இப்போ இதைப் பாருங்க, கதவுல கண் உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டியிருக்கு. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம், 4 எம்.எம். அக்ரிலிக் ஷீட், சுத்தி ரப்பர் பீடிங். கண்ணாடி போடாதீங்க, குழிக்குள்ள இறங்கி ஏறுற அதிர்வுல விரிசல் விடும். உள்பக்கம் ஒரு குட்டி ஸ்கிரீன். காட்டணும்னா ஸ்கிரீனைத் தூக்கி, உள் லைட்டைப் போட்டா போதும். கிச்சன், கட்டில், பீரோ எல்லாம் அங்கிருந்தே தெரியும். யாரும் உள்ள கால் வைக்கவே வேணாம். இந்த ஒரு ஜன்னல் வந்ததும் பாதித் தலைவலி போயிடும்.

ஆள் ஏறுறதுக்கு முன்னாடி செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு, இதை நிறையப் பேர் விட்டுடுறாங்க. டிரைவர் சீட்டு. பசங்க ஏறினதும் நேரா ஸ்டீயரிங்குக்குத்தான் ஓடும். பெரிய வண்டியில ஹேண்ட்பிரேக் ஏர்ல வேலை செய்யுது. டேங்க்ல காத்து இருக்கும்போது அந்த லீவர் லாக்கைத் தூக்கித் தள்ளிட்டா ஸ்பிரிங் பிரேக் விட்டுரும், லேசான இறக்கமா இருந்தாலும் வண்டி நகர ஆரம்பிச்சுடும். அதனால நிறுத்தினதும் வீலுக்குக் கட்டை போடுங்க, இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். வண்டி மூஞ்சி ஏத்தத்தைப் பாத்து நின்னா ஃபர்ஸ்ட் கியர், இறக்கத்தைப் பாத்து நின்னா ரிவர்ஸ் கியர். ஆனா கியர்ல விட்டு சாவியும் வெச்சிருந்தா, பையன் சாவியைத் திருகினதும் செல்ஃப் மோட்டாரே வண்டியை ஒரு குதி குதிக்க வெச்சிடும். சாவி உங்க பாக்கெட்டுல இருக்கணும், பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் ஆஃப்ல இருக்கணும். டிரைவர் சீட்டுக்கும் திண்ணைக்கும் நடுவுல ஒரு கயிறோ சங்கிலியோ இடுப்பு உயரத்துக்குக் கட்டிடுங்க. சீட்டுல உக்காந்து போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படுற பசங்களை வேணாம்னு சொல்லிடுங்க, மனசு கஷ்டமாத்தான் இருக்கும்.

அடுத்தது கேஸ். அடுப்பு திருகை மூடினா பத்தாது, சிலிண்டர்லயே ரெகுலேட்டரை ஆஃப் பண்ணணும். எல்.பி.ஜி. காத்தை விட கனம். கசிஞ்சா மேல போகாது, தரையில தேங்கும், பஸ்ஸு ஒரு மூடின பெட்டி மாதிரிதானே. 5 கிலோ சிலிண்டரா இருந்தாலும் தரை மட்டத்துல வெளியே போற ஓட்டை இருக்கற தனி அறையில வைங்க. சுத்திப் பாக்குறவங்க சும்மா ஒரு திருகைத் திருகிப் பாப்பாங்க, அவங்க வேணும்னு செய்யறதில்ல.

பேட்டரி விஷயத்துல பயம் எதுக்குன்னு சொல்லிடறேன். 24 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதேன்னு நினைக்காதீங்க. ஷாக் பெருசா அடிக்காது, ஆனா 200 ஏ.ஹெச். (ஆம்பியர்-ஹவர், பேட்டரி கொள்ளளவு) லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனா நூத்துக்கணக்கான ஆம்பியரை ஒரு நொடியில தள்ளும். கையில வளையல் போட்டிருக்கறவங்க எட்டிக் காட்டும்போது அந்த வளையல் ஒரு பக்கம் பாசிட்டிவ் டெர்மினல்லயும் இன்னொரு பக்கம் பாடி இரும்புலயும் பட்டுச்சுன்னா, வளையல் பழுக்கக் காஞ்சு தோலோட ஒட்டிக்கும். டெர்மினலுக்கு ரப்பர் மூடி, பேட்டரி பெட்டிக்குப் பூட்டு, ரெண்டும் கட்டாயம். "பேட்டரி எங்கண்ணா?"ன்னு கேட்டா பெட்டியைத் தட்டிக் காட்டுங்க, திறக்காதீங்க.

சரி, யார் கேக்குறாங்கன்றதை வெச்சுப் பதிலும் மாறும். வேலூர்ல சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் நிறுத்தினா மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துல இருந்து வைத்தியத்துக்கு வந்தவங்க நிறைய இருப்பாங்க. அவங்க வேடிக்கை பாக்க வரமாட்டாங்க, வாடகை ரூமோன்னுதான் கேப்பாங்க. "கர் ஹை, கிராயா நஹீ" (இது வீடு, வாடகைக்கு இல்ல)ன்னு இந்தியில ரெண்டு வார்த்தை போதும், பக்கத்துல லாட்ஜ் எங்கன்னு கையைக் காட்டிடுங்க. நோயாளிக்காக அலையறவங்க, அவங்ககிட்ட நிதானமா பேசுங்க. ஸ்ரீபுரம் பொற்கோயில் பார்க்கிங்ல குடும்பம் குடும்பமா வருவாங்க. பௌர்ணமி அன்னிக்கு இந்த ரோட்டுல கிரிவலக் கூட்டம் போகும்போதோ, ஆடி வெள்ளியில படவேடு ரேணுகாம்பாள் கோயில் பக்கமோ கதவைத் திறந்து வைக்கவே வைக்காதீங்க. ஒருத்தருக்குக் காட்டினா வரிசை கட்டிடும், அப்புறம் யாரையும் நிறுத்த முடியாது. ஏலகிரி மேல வேற கதை. அந்த 14 வளைவு ஏறி வந்தவங்க நிதானமா இருப்பாங்க, பேச நேரம் இருக்கும்.

வெயில் காலத்துல இன்னொரு கணக்கு. வேலூர் அக்னி நட்சத்திரத்துல ஒரு டன் ஏ.சி. முழுசா ஓடினா மணிக்கு ஒரு யூனிட் பக்கம் இழுக்கும். 24 வோல்ட் 200 ஏ.ஹெச். பேட்டரியில மொத்தமே அஞ்சு யூனிட்தான். கதவைத் திறந்து திறந்து காட்டினா கம்ப்ரசர் ஓயவே ஓயாது, ராத்திரி தூக்கம் போச்சு. வெளியவே வண்டி நிழல்ல நிக்க வெச்சுப் பேசுங்க.

ஏத்தறதா இருந்தா ஒரு நேரத்துக்கு ரெண்டு பேர், அதுக்கு மேல வேணாம். நடுவழி ரெண்டு அடி அகலம், ஒருத்தரைத் தாண்டி ஒருத்தர் போக முடியாது. செருப்பைக் கழட்டச் சொன்னா இங்க யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அவங்களே கழட்டுவாங்க. ஆனா படியில கழட்ட விடாதீங்க. இறங்கும்போது அது மேல கால் வெச்சு வழுக்கும். முன் டயர் பக்கத்துல ஒரு டிரே வெச்சு அதுல விடச் சொல்லுங்க. பெரியவங்க இறங்கும்போது ரெண்டு கையாலயும் கம்பியைப் பிடிச்சு, வண்டியைப் பாத்த மாதிரி திரும்பி இறங்கணும். முதல் படி உயரத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டூல் போடறாங்க சில பேர். ஜல்லி மேல அது சாயும். அடியில ரப்பர் வெச்ச இரும்புப் படிதான் சரி.

நீங்க நிக்கிற இடம் ரொம்ப முக்கியம். வழிகாட்டுறேன்னு நீங்க முன்னாடி போய் உள்ள நின்னுட்டா, தெரியாத ஆள் உங்களுக்கும் வாசலுக்கும் நடுவுல நிப்பாரு. அவங்களை முதல்ல ஏறச் சொல்லி, நீங்க படியிலயே நில்லுங்க. உங்க முதுகு எப்பவும் வாசல் பக்கம் இருக்கட்டும். சின்னப் பசங்க அப்பா அம்மா இல்லாம வந்தா ஏத்தவே கூடாது, "அம்மாவைக் கூட்டினு வா கண்ணு"ன்னு அனுப்பிடுங்க. ஆம்பளை தனியா ஓட்டுற வண்டின்னா, பொம்பளைங்க பாக்கணும்னு ஏறும்போது நீங்க கீழ இறங்கி தள்ளி நின்னுடணும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பாய் வீட்டுக் குடும்பங்க வந்தா அந்த மரியாதையை அவங்க ரொம்ப மதிப்பாங்க. தனியா ஓட்டுற பொண்ணுங்களுக்கு நான் சொல்றது, யாரையும் ஏத்தாதீங்க, திண்ணை வரைக்கும்கூட வேணாம். "உள்ள ஆளு படுத்துனு கீறாங்கண்ணா, அப்புறம் பாக்கலாம்"னு சொல்லுங்க. "தனியாவா வந்தீங்க?"ன்னு யார் கேட்டாலும் பதில் "இல்லண்ணா, டீ வாங்கப் போயிருக்காங்க". இதுல பொய் சொல்றோமேன்னு சங்கடப்படத் தேவையில்ல.

காட்ட முடியாத நேரத்துக்கு ஒரு ஏ4 தாள் தயாரா வைங்க. ஒரு பக்கம் வண்டியோட பிளான், மறுபக்கம் ஆறு போட்டோ, லேமினேஷன் போட்டது. "இப்போ சமையல் நடக்குதுண்ணா, இதுல எல்லாம் கீது பாருங்க"ன்னு கையில கொடுத்துட்டா வெறும் 'இல்ல'ன்னு சொன்ன மாதிரி இருக்காது. அந்தப் போட்டோவுல லேப்டாப், பீரோப் பூட்டு, நம்பர் பிளேட் தெரியக்கூடாது.

"எவ்ளோ செலவாச்சு?" இது வந்தே தீரும். மொத்தத் தொகையைச் சொல்லாதீங்க, அது வண்டியோட விலைச்சீட்டு ஆயிடும். "கொஞ்சம் கொஞ்சமா பண்ணதுண்ணா, பேட்டரியும் சோலாரும்தான் பெரிய செலவு"ன்னு முடிச்சிடுங்க. அதுல ஒருத்தர் நிஜமாவே தானும் கட்டணும்னு கேப்பாரு. அவர் கேள்வியிலயே தெரிஞ்சுடும், தண்ணி டேங்க் எங்க, வெயிட் எந்தப் பக்கம்னு கேப்பாரு. அவருக்குத் தாராளமா நேரம் கொடுங்க. முதல் விஷயமா, பாடியில கை வைக்கறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.ல மாத்தத்தைப் பதியணும், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுன்னு சொல்லுங்க. அது இல்லாம எஃப்.சி.க்கு (ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்) போனா வண்டி அங்கயே நின்னுடும்.

"பாத்ரூம் போய்க்கட்டா?"ன்னும் கேப்பாங்க. கேசட் டாய்லெட், அதாவது கழட்டி எடுத்துக் கொட்டுற தொட்டி வெச்சது, 20 லிட்டர்தான் பிடிக்கும், ஒரு குடும்பமே போச்சுன்னா அடுத்த நாளே கொட்ட இடம் தேடணும். கர்ப்பிணி, வயசானவங்க, சின்னக் குழந்தைன்னா கொடுங்க, யோசிக்காதீங்க. மத்தவங்களுக்கு பங்க்கையோ பள்ளிகொண்டா டோல்கேட்டையோ காட்டுங்க.

ராத்திரி ரோந்து போலீஸ் கேட்டா அது வேற. லைட்டைப் போட்டுட்டு நீங்க முதல்ல இறங்குங்க. ஆர்.சி., இன்சூரன்ஸ், எஃப்.சி., லைசென்ஸ் ஒரே ஃபைல்ல இருக்கட்டும். உள்ள பாக்கணும்னா ஸ்லைடிங் கதவையும் திறந்து காட்டுங்க.

உஷாரா இருக்கவேண்டிய ஆளும் உண்டு. வீட்டைப் பாக்காம பூட்டைப் பாக்குறவர், ராத்திரி எங்க தங்குவீங்கன்னு ரெண்டாவது வாட்டி கேக்குறவர், ஒருத்தர் வாசல்ல பேசும்போது இன்னொருத்தர் பின்பக்கம் சுத்துறது. டீசல் டேங்க் மூடி, வெளிப் பெட்டிங்க எல்லாத்துக்கும் பூட்டு இருக்கணும், அதுவும் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. நிறுத்தும்போதே வாசல் பக்கம் டீக்கடையையோ வெளிச்சத்தையோ பாத்த மாதிரி நிறுத்துங்க. மனசுக்குப் படலைன்னா பேச்சை முடிச்சு வண்டியை எடுத்துடுங்க. அவசரம்னா 112, ஹைவேஸ்ல 1033. பகல்ல நிறைய பேர் பாத்த இடத்துல ராத்திரி படுக்காதீங்க, ஒரு பத்து கிலோமீட்டராவது தள்ளிப் போங்க. வீடியோவும் அந்த ஊரை விட்டுக் கிளம்பினப்புறம்தான் போடணும்.

எல்லாரும் போனப்புறம் கதவைச் சாத்திட்டு ஒரு சுத்து வாங்க. ஃபிரிட்ஜ் கதவு, கூரை வென்ட், ஹேண்ட்பிரேக் லீவர், சிலிண்டர் ரெகுலேட்டர். கடைசியா தண்ணி பம்ப் சுவிட்ச். எந்தக் குழந்தையாவது குழாயைத் திறந்து விட்டிருந்தா, நிமிஷத்துக்கு பத்து லிட்டர் தள்ளுற பம்ப் இருபது நிமிஷத்துல 200 லிட்டர் டேங்க்கைக் காலி பண்ணிடும், அப்புறம் தண்ணியில்லாம வெறும்னே ஓடி சூடாகி சீலும் போகும். ஆள் ஏறும்போதே பம்ப்பை ஆஃப் பண்ணிடுங்க.