16க்கு அப்புறம் 81

(திருமங்கலத்தில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘நவீன இலக்கியப் பதிப்பாளர்’ என்று போட்டிருக்கிறது. போட்டவர் பிரியத்தில் போட்டிருக்கிறார், கோபமில்லை. ஆனால் போன வருஷம் நான் வெளியிட்டது மூன்று கொலை, இரண்டு பேய், ஒரு புதையல். மொத்தம் ஆறு புத்தகம். அவற்றில் எங்காவது இலக்கியம் தட்டுப்பட்டால் அது எழுதியவருக்கே தெரியாமல் நடந்தது. நானும் கவனிக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்தச் சரக்கை ‘பல்ப்’ என்பார்கள். மரக்கூழ். நம் அச்சகங்களில் அந்தத் தாளுக்குச் சாணித்தாள் என்று பெயர். மரத்தை அப்படியே அரைத்துச் செய்கிற மலிவுத் தாளில் லிக்னின் தங்கிவிடும். வெயில் பட்டால் அதுதான் பழுப்பேறும். பஸ் ஸ்டாண்டு கடையில் இரண்டு வாரம் தொங்கினால் புத்தகம் நம் தாத்தா வயதுக்கு வந்துவிடும். யாரும் கவலைப்பட்டதில்லை. வாங்கி, படித்து, பக்கத்து சீட்டில் விட்டுவிட்டு இறங்குவதற்காகச் செய்த புத்தகம் அது.

மதுரைப் பக்கம் இந்த மாதிரித் தலைப்பில் பேசுகிறவர்கள் கண்ணகியின் சிலம்பில் தொடங்குவது வழக்கம். திருட்டுப் பழி, தப்பான தீர்ப்பு, சிலம்பை உடைத்து நிரூபணம்; தமிழின் முதல் குற்றக் கதை என்று சொல்லி ஒரு கைதட்டல் வாங்கலாம். நான் அந்த அம்மாவை இழுக்கப் போவதில்லை. இந்த ஊரில் அவர் பட்டது போதும்.

எங்களுக்கு மூதாதை வேறு இடத்தில் இருக்கிறார். என் சின்ன வயதில் மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபத்துக்குள் போனால் ஒரு பக்கம் தையல் மிஷின்கள் கடகடவென்று ஓடும், இன்னொரு பக்கம் புத்தகக் கடைகள். அந்தக் கடைகளெல்லாம் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. அங்கேதான் பெரிய எழுத்துப் புத்தகங்களை முதலில் பார்த்தேன். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவர்கள், விளக்கு வெளிச்சத்தில் நாலு பேருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுகிறவர்கள், இவர்களுக்காக எழுத்தைப் பெரிசாக அச்சடித்தார்கள். அதில் அல்லி அரசாணி நம் ஊர்க்காரி. மதுரையை ஆள்கிறவள், ஆண் வாடையே ஆகாதவள். அவள் படுக்கையறைக்குள் அர்ஜுனன் பாம்பாக உருமாறிப் போகிறான். இதை இன்றைக்கு ஒரு பையன் எழுதிக்கொண்டு வந்தால் அட்டைப் படத்துக்கு நான் யோசிக்கவே வேண்டாம். அந்தக் கதைப்பாடல்களுக்கு ஆசிரியர் பெயர் புகழேந்திப் புலவர் என்று போட்டார்கள். நளவெண்பா பாடியவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். விற்கிற பெயரை அட்டையில் போடுகிற வித்தை எங்களுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது.

இன்னொரு மூதாதை கொலைச் சிந்து. எங்காவது கொலை நடந்தால் அதைப் பாட்டாகக் கட்டி, சின்னப் புத்தகமாக அச்சடித்து, சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்பார்கள். நிஜத்திலும் சரக்குக்குக் குறைவில்லை. 1952 ஆகஸ்டில் சென்னையிலிருந்து வந்த போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. மானாமதுரை ஸ்டேஷனில் இறக்கித் திறந்தால் தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. இறந்த ஆளவந்தார் சென்னையில் பேனா வியாபாரி. ஒரு கதாசிரியர் இப்படி எழுதி வந்தால் ‘பேனா வியாபாரி கொஞ்சம் ஓவர் தம்பி’ என்று நானே அடித்திருப்பேன்.

சிந்துக்கு அப்புறம் நாவல். ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸ் என்கிற இங்கிலீஷ்காரரின் கதைகளைத் தமிழுக்குத் தழுவிக் கொண்டுவந்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் வந்தார். ஐயங்கார் 1942இல் காலமானார். நம் சட்டப்படி ஆசிரியர் காலமாகி 60 வருஷம் கழித்து உரிமை பொதுவாகிவிடும். அதனால் 2003இலிருந்து அவரை யாரும் போடலாம். ‘நீங்கள் ஏன் போடவில்லை?’ என்று புத்தகத் திருவிழாவில் வருஷா வருஷம் யாராவது கேட்பார்கள். ஒரு தடவை அந்தக் காலத்து நாவல் ஒன்றைக் கம்போஸ் வரைக்கும் கொண்டுபோனேன். மூச்சு முட்டியது. ஒரு வாக்கியம் அரைப் பக்கம் போகிறது. கதாநாயகி வீட்டைவிட்டு வெளியே வருவதற்குள் எனக்கு டீ ஆறிவிட்டது. பழசு என்பதற்காக அதை மறுபடி போட்டால், வாங்குகிறவர்கள் அலமாரியில் வைப்பார்கள், படிக்க மாட்டார்கள். படிக்காத துப்பறியும் நாவல் என்பது பூட்டிய வீட்டுக்குள் நடந்த கொலை. யாருக்கும் பிரயோஜனமில்லை.

அதற்காகச் சேர்த்து வைப்பவர்களைக் குறைத்துப் பேசவில்லை. கோட்டையூரில் இருந்த ரோஜா முத்தையா போர்டு எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று விடாமல் சேர்த்தார். அவர் பெயரில் சென்னையில் 1994இலிருந்து நூலகம் இருக்கிறது. இந்தச் சாணித்தாள் சமாசாரங்களும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அது அவர் வேலை, இது என் வேலை.

மாத நாவல் காலம் உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டில் அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு வைப்பார். தெருவே இரவல் வாங்கும். திரும்பி வரும்போது கடைசி நாலு பக்கம் இருக்காது. யார் கொன்றார் என்று தெரியாமலேயே நான் எத்தனையோ கதைகளோடு வளர்ந்திருக்கிறேன். இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று பேட்டிகளில் சொல்லுவேன். உண்மையில் என் மைத்துனர் அச்சகம் வைத்திருந்தார், மிஷின் சும்மா கிடந்தது.

அப்புறம் டிவி சீரியல் வந்தது, செல்போன் வந்தது, பஸ்ஸில் எல்லாரும் குனிந்துகொண்டார்கள். அதை நீட்டி அழ எனக்கு இஷ்டமில்லை. ராஜேஷ்குமார் கோவையில் இருந்துகொண்டே 1500 நாவலுக்கு மேல் எழுதியிருக்கிறார். 2024 நவம்பரில் நம்மை விட்டுப் போன இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் இருந்துகொண்டுதான் அத்தனை அமானுஷ்யத்தையும் எழுதினார். மர்மம் எழுத மெட்ராஸில் வீடு வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் புதிதாக எழுதுகிறவர்கள் தலையாட்டுகிறார்கள், ஆனால் கதையை மட்டும் மெட்ராஸுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். கூட்டுறவு வங்கியில் வேலை. கதையில் ஈ.சி.ஆர். பங்களா, நீச்சல்குளத்தில் பிணம், சி.பி.ஐ. அதிகாரி.

“தம்பி, ஈ.சி.ஆர். போயிருக்கியா?”

“இல்லண்ணே.”

“அம்மா அப்பா என்ன பண்றாங்க?”

“அம்மா கிராம உதவியாளர்ண்ணே. வி.ஏ.ஓ. ஆபீஸ்ல.”

அவ்வளவுதான், நான் டீ சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் பேசினான். பட்டா, எந்த நிலத்தில் என்ன பயிர், என்ன பாசனம் என்று எழுதிவைக்கிற அடங்கல், நிலத்தின் வரைபடமான புலப்படம், அளவுக்கல்லை ராத்திரியில் நகர்த்தி நடுகிறவர்கள் என்று கொட்டினான். சி.பி.ஐ. அதிகாரியை அங்கேயே வேலையைவிட்டு நீக்கினோம். மூன்று மாதம் கழித்து வந்த கதையில் துப்பறிவது ஒரு பெண் வி.ஏ.ஓ. அடங்கலில் ஒரு நிலம் கிணற்றுப் பாசனம் என்று இருக்கிறது. புலப்படத்திலும் கிணறு குறித்திருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் சமதரை, நடுவில் ஒரு வேப்பங்கன்று. “இங்கே இருந்த கிணறு எங்கே?” என்று கேட்கிறாள். ஒரு கிணற்றையே காணோம் என்றால் அதற்குள் என்ன இருக்கும் என்று வாசகருக்குத் தெரியும். தெரிந்தும் பக்கத்தைப் புரட்டுவார், அதுதான் விஷயம்.

பக்கம் என்றதும் கணக்குக்கு வருகிறேன். ஒரு பாரம் என்பது 16 பக்கம். எங்கள் புத்தகம் ஆறு பாரம், 96 பக்கம். 97ஆவது பக்கம் வேண்டுமென்றால் இன்னொரு தாள், இன்னொரு பிளேட், இன்னொரு மடிப்பு. அதனால் கதைதான் தாளுக்கு அடங்க வேண்டும். இந்தக் கதை 104 பக்கம் வந்தது. எட்டுப் பக்கம் போக வேண்டும். வி.ஏ.ஓ.வுக்குக் கல்லூரியில் ஒரு காதல், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் மழையில் ஒரு பிரிவு, ஆறரைப் பக்கம். எடுத்தேன். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. மீதி ஒன்றரைப் பக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பிடுங்கினோம். ‘திடீரென்று’ என்கிற சொல் மட்டும் 41 இடத்தில் இருந்தது, இரண்டை விட்டுவைத்தேன். கடைசியில், “கிணறு எங்கே?” என்ற கேள்வி 16ஆம் பக்கத்தின் கடைசி வரியாக, முதல் பாரத்தின் விளிம்பில் வந்து நின்றது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பணத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டேன், வருத்தம் வரும். புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. காகிதத்துக்கு உண்டு. விற்கும்போது வரி வசூலிக்காததால், வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. நூறு ரூபாய்ப் புத்தகத்தில் கடைக்கு முப்பத்தைந்து, நாற்பது போகும். அதுவும் விற்ற பிறகு, நாலு தடவை நேரில் போன பிறகு. விற்காதது அட்டை வெளுத்துத் திரும்பி வரும். சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது, லயன் 1984இல். இன்றைக்கும் வந்துகொண்டிருக்கின்றன. வருஷத் தொடக்கத்திலேயே சந்தா வாங்கிவிடுகிறார்கள். அதைப் பார்த்துத்தான் நானும் சந்தாவுக்கு மாறினேன். முன்பணம் கையில் இருந்தால் கொலையை நிதானமாகச் செய்யலாம். தபாலில் பழைய பதிவுப் புத்தகச் சேவை 2024 டிசம்பரில் நின்றபோது கொஞ்சம் ஆடிப்போனேன். 2025 மே மாதம் ஞான் போஸ்ட் வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. ஞானத்துக்கான தபாலில் பேய்க் கதை போகலாமா என்று எனக்கே ஒரு கூச்சம் உண்டு.

சரி, அந்தக் கிணற்றுக் கதைக்கு வருகிறேன். ஆயிரம் பிரதி அடித்தோம். பைண்டிங்கில் ஆறு பாரத்தையும் வரிசையாகக் குவித்து வைத்து, ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து அடுக்குவார்கள். மடிப்பின் முதுகில் பாரத்துக்கு ஒரு கறுப்புக் கட்டம் இருக்கும். சரியாக அடுக்கினால் அந்தக் கட்டங்கள் படிக்கட்டு மாதிரி இறங்கும். வரிசை தவறினால் படிக்கட்டு உடைந்து தெரியும். அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. தீபாவளி நெருக்கடி. சாப்பிட்டு வந்து உட்கார்ந்தபோது இரண்டாவது குவியலும் ஆறாவது குவியலும் இடம் மாறிவிட்டன. சுமார் 200 பிரதி அப்படியே ஒட்டி, வெட்டி, கட்டாகி வந்துவிட்டது.

அந்த 200இல் 16ஆம் பக்கம் “கிணறு எங்கே?” என்று முடிகிறது. அடுத்த பக்கம் 81. அது எப்படித் தொடங்குகிறது என்றால், “நான்தான் மூடினேன்” என்று ஒருவர் தலையைக் குனிகிறார்.

யார் என்று சொல்ல மாட்டேன், விற்க வேண்டும்.

விஷயம் தெரிவதற்குள் சந்தாக்காரர்களுக்கு முப்பது நாற்பது பிரதி போய்விட்டது. பையன் போன் செய்தான். “அண்ணே, இதுக்கு என் பேரையே தப்பாப் போட்டிருக்கலாம்ண்ணே” என்றான். எல்லாருக்கும் நல்ல பிரதி அனுப்பி மன்னிப்புக் கடிதமும் வைத்தேன். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் பதில் போட்டார், போஸ்ட் கார்டில். மாற்றுப் பிரதி தேவையில்லை என்கிறார். ‘கேட்டதும் குற்றவாளி ஒத்துக்கொண்டது இயல்பாக இருந்தது. கொலை செய்தவனை முதலில் காட்டி, பிணத்தைக் கடைசியில் காட்டியது நல்ல உத்தி. சில இடங்களில் குழப்பம், ஆனால் விறுவிறுப்பு குறையவில்லை. கள்ளிக்குடியில் இறங்க வேண்டியவன் விருதுநகரில் இறங்கினேன்.’

அந்தக் கார்டைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேன். பையன் இன்னும் பார்க்கவில்லை. ஆபீசுக்கு அவன் வந்தால் காலண்டரை எடுத்து அதன் மேல் தொங்கவிடுவேன்.

நேரம் ஆகிவிட்டது என்று அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பின்னால் மேஜையில் புத்தகம் வைத்திருக்கிறேன். சிவப்புக் கயிறு கட்டிய கட்டு மட்டும் பாதி விலை. அதை வாங்குகிறவர்கள் 16ஆம் பக்கம் முடிந்ததும் புத்தகத்தின் கடைசிப் பாரத்துக்குப் போங்கள், 17 அங்கே இருக்கும். 32 முடிந்ததும் நடுவில் 33க்குத் திரும்புங்கள். 80 முடிந்த பிறகு முன்னால் வாருங்கள். வழியில் எங்கேயும் எட்டிப் பார்க்காதீர்கள்.