கார்டைக் கேளுங்க, கேட்டை மூடாதீங்க

(செங்கோட்டையில நம்ம வாசகர் வட்டக் கூட்டத்துல பேசுனது. வர முடியாத நண்பர்கள் கேட்டதால பேசுன மாதிரியே டைப் பண்ணியிருக்கேன்.)

விழாத் தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஆஸ்பத்திரியில அவ்வளவு கூட்டத்தை விட்டுட்டு நமக்காக வந்திருக்கிற டாக்டரம்மா அவர்களே, சுருக்கமா முடிக்கணும்னு மேடை ஏறும்போதே கண்ணைக் காட்டுன தலைமையாசிரியை அவர்களே, மைக் செட்டுக்குக் காசே வேண்டாம்னு சொன்ன பந்தல்காரத் தம்பி அவர்களே, எஸ் வளைவுல லாரி மாட்டி ரொம்ப நேரம் நின்னு கேரளாப் பக்கம் ஆரியங்காவுல இருந்து வந்து சேர்ந்திருக்கிற பஞ்சாயத்து மெம்பர் சேட்டன் அவர்களே, கூட வந்திருக்கிற ஆஷா சேச்சிமாரே, முன்வரிசையில கைப்பிள்ளையோட உக்காந்திருக்கிற தாய்மார்களே, எல்லாருக்கும் வணக்கம். வியாபாரிகள் சங்கத்து அண்ணாச்சிக்குத் தனியா ஒரு வணக்கம், இல்லைனா அடுத்த வருசம் பந்தல் இருக்கும், சாமியானா இருக்காது.

எனக்குக் குடுத்த தலைப்பு, பள்ளிக்கூடத்துல சேர்க்கத் தடுப்பூசி கட்டாயமா வேணுமாங்கிறது. மூணு விஷயம் பேசப் போறேன். ஒண்ணு, இது புதுசா வந்த சட்டமா பழைய கதையா. ரெண்டு, ஊசி போடாம விட்டா என்ன ஆகும். மூணு, வேண்டாங்கிற தாய் தகப்பன்கிட்ட எப்படிப் பேசணும். எங்க ஆச்சி எதுக்கெடுத்தாலும் ஒண்ணு சொல்லும், கண் கெட்ட பெறவு சூரிய நமஸ்காரம்னு. அடகு வெச்ச நகை முங்கிப் போனாலும் அதைத்தான் சொல்லும், பால் பொங்கி அடுப்புல வழிஞ்சாலும் அதைத்தான் சொல்லும். இன்னிக்கு நானும் அதையே சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

பழைய கதைதான். அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல 1855லயே பள்ளிக்கூடப் பிள்ளைக்கு அம்மை குத்தியிருக்கணும்னு சட்டம் போட்டாங்க. டெக்சாஸ்ல இருந்து ஒரு வழக்கு அவங்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி, 1922ல கோர்ட்டு பள்ளிக்கூடம் பக்கம்தான் தீர்ப்பு சொல்லிச்சு. கலிபோர்னியாவுல டிஸ்னிலேண்டுக்குப் போனவங்க மூலமா தட்டம்மை பரவுன பெறவு, 2015ல, எங்க நம்பிக்கைக்கு ஒத்துவராதுன்னு எழுதிக் குடுத்துத் தப்பிக்கிற வழியையே அடைச்சாங்க. சரி, அதெல்லாம் அமெரிக்கா, நமக்கென்னன்னு கேப்பீங்க. நம்ம ஊருக்கு வாங்க. 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்தச் செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம்தான், ஊர் வாசல்ல ஆர்ச்சுல இன்னும் சங்கு முத்திரை இருக்கே, தினமும் அதுக்குக் கீழதான் போறோம் வாறோம். அந்தத் திருவிதாங்கூர்ல 1879ல ராஜா ஒரு விளம்பரம் போட்டாரு, அரசாங்க உத்தியோகஸ்தர், ஜெயில் கைதி, பள்ளிக்கூடப் பிள்ளை, இந்த மூணு பேரும் கட்டாயம் அம்மை குத்திக்கணும்னு. கைதியையும் பிள்ளையையும் ஒரே வரியில வெச்சிருக்காங்களேன்னு தலைமையாசிரியை சிரிக்கிறாங்க, பிள்ளைங்களைக் கேட்டா சரியாத்தான் வெச்சிருக்காங்கன்னு சொல்லும்.

இப்ப நம்ம நாட்டுல ஊசி போடலைனா பள்ளிக்கூடம் கிடையாதுன்னு ஒரு மத்தியச் சட்டமும் இல்லை. அதுக்கு மாறா 2009ம் வருசக் கல்வி உரிமைச் சட்டம், வயசுக்கு அத்தாட்சி இல்லைன்னு கூடப் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாதுங்குது. அதனால நான் சொல்லுறது, கார்டைக் கேளுங்க, கேட்டை மூடாதீங்க. ஒண்ணாம் வகுப்புல சேர்க்கையில தடுப்பூசிக் கார்டை வாங்கிப் பாத்து, அஞ்சு வயசு பூஸ்டர் விட்டுப் போயிருந்தா அன்னிக்கே நர்சம்மாவுக்கு ஒரு போன் பண்ணுங்க. பிள்ளை வகுப்புல இருக்கட்டும், ஊசி பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். வெளிய நிப்பாட்டுனா ஊசியும் போகும், படிப்பும் போகும்.

ரெண்டாவது, போடலைனா என்ன. தட்டம்மை, நாம மணல்வாரின்னு சொல்லுறது, இருமுன பிள்ளை எழுந்திரிச்சுப் போன பெறவும் ரெண்டு மணி நேரம் அந்த அறையில காத்துல இருக்கும். ஊசி போடாத கூட்டத்துல ஒரு பிள்ளைகிட்ட இருந்து 12ல இருந்து 18 பேருக்கு ஒட்டும். அதனாலதான் 100க்கு 95 பிள்ளைக்கு ரெண்டு டோஸும் போட்டிருக்கணும்னு டாக்டருங்க அடிச்சுக்கிறாங்க. சத்துக் குறைஞ்ச பிள்ளைக்கு மணல்வாரி வந்தா கண்ணே கூடப் போகலாம், எங்க ஆச்சி சொன்னது அங்க பழமொழியே இல்லை, அப்படியே நடக்கிறது. தொண்டை அடைப்பான், அதான் டிப்தீரியா, ஒழிஞ்சு போச்சுன்னு நினைச்சோம், 2015ல கேரளாவுல மலப்புரத்துல வந்து பிள்ளைங்க உசிரை எடுத்துச்சு, படிப்புல இந்தியாவுக்கே முதல் ஸ்டேட்டுல. சேட்டன் கோவிச்சுக்கக் கூடாது, நம்ம பக்கம் மட்டும் யோக்கியம்னு நான் சொல்லலை, இப்ப சொல்லப் போற கதை நம்ம பக்கத்துக் கதைதான்.

2017 பிப்ரவரி. தமிழ்நாட்டுல 9 மாசத்துல இருந்து 15 வயசு வரைக்கும் எல்லாப் பிள்ளைக்கும் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டாங்களே, அப்ப. வாட்ஸ்அப்ல ஒரு ஆடியோ சுத்திச்சு, ஊசி போட்டா பின்னாடி பிள்ளை பிறக்காதுன்னு, யாரு பேசுறதுன்னே தெரியாது, ஆனா அழுதுக்கிட்டே பேசும், அழுதா நம்ம ஜனம் நம்பிரும். பக்கத்து ஊர்ல, பேரு வேண்டாம், ஒரு டீக்கடைத் தாத்தா, அந்த ஆடியோவைக் கடையில ஸ்பீக்கர்ல போட்டுப் போட்டு, "எம் பேரன் மேல ஊசி பட்டுச்சு, பெறவு பள்ளிக்கூடத்துல ஓடு இருக்காது பாத்துக்கிடுங்க"ன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. பேரன் மூணாப்பு. ஊசி போட்ட பிள்ளைக்கெல்லாம் இடது கை கட்டைவிரல் நகத்துல ஓட்டுப் போட்ட மாதிரி மை வெச்சாங்க. மை வெச்சதெல்லாம் ஒரு கூட்டமாச் சேர்ந்து மை வைக்காதவனை விளையாட்டுல சேர்க்கலை. பய என்ன பண்ணுனான், ஸ்கெட்ச் பேனாவை எடுத்துத் தானே நகத்துல பூசிக்கிட்டான். நர்சம்மா பாத்துட்டு, "எந்தக் கையிலடா ஊசி போட்டாங்க?"ன்னு கேட்டாங்க. இவன் மை இருக்கிற கையே இருக்கட்டும்னு இடது கையை நீட்டுனான். "எல்லாருக்கும் வலது கையில போட்டேன், உனக்கு மட்டும் இந்தப் பக்கம் எப்படிடா வந்துச்சு?" வகுப்பே சிரிக்குது, பய ஓன்னு அழுறான். அவங்கம்மா ஓடி வந்து, "போட்ருங்க நர்சம்மா, நான் கையெழுத்துப் போடுதேன்"னு சொல்லுறா. யாரோ டீக்கடைக்குப் போன் பண்ணிட்டாங்க.

வந்தாரு பாருங்க தாத்தா, பனியனும் தோள்ல துண்டும், கையில வடிகட்டி, டீ ஆத்துன கையோட வந்துட்டாரு. ஒரே சத்தம். நர்சம்மா நல்ல மனுசி, எதிர்த்து ஒரு வார்த்தை பேசலை, சேர் போட்டுத் தண்ணி குடுத்து, அவரு குடிக்கையில மேல்கையைப் பாத்தாங்க. ரெண்டு வட்டத் தழும்பு. "இது என்ன தாத்தா?" "அதுவா, சின்னதுல அம்மை குத்துனது. குத்துறவன் வாரான்னு தெரிஞ்சு வைக்கப்படப்புக்குள்ள போயி ஒளிஞ்சேன், எங்க அய்யா காலைப் பிடிச்சு இழுத்துட்டு வந்துல்லா குத்த வெச்சாரு." "உங்க அய்யா இழுத்துட்டு வந்து குத்த வெச்சாரு, நீங்க இழுத்துட்டுப் போக வந்திருக்கீங்க. உங்க பேரன் கையில அந்தத் தழும்பு ஏன் இல்லை தெரியுமா? பெரியம்மையே இப்ப இல்லை, உங்களை மாதிரி ஆளுங்க குத்திக்கிட்டதால." தாத்தா கொஞ்ச நேரம் தழும்பைத் தடவிக்கிட்டே இருந்தாரு. பேரனுக்குப் போட்டு முடிஞ்சு நகத்துல நிஜ மை வெச்ச பெறவு தானும் கட்டைவிரலை நீட்டுனாரு, "எனக்கும் வை தாயி, நானும் குத்துனவன்தானே."

கைதட்டுனதுக்கு நன்றி. இந்தியாவுல பெரியம்மை கடைசியா வந்தது 1975ல, இயற்கையா வாற போலியோ கடைசியா 2011 ஜனவரியில ஹவுரா பக்கம் ஒரு குழந்தைக்கு. அதெல்லாம் தானாப் போகலை, அவ்வளவுதான் சொல்ல முடியும், ஏன்னா நான் வந்த விஷயமே இனிமேத்தான் இருக்கு.

அந்த ஊசியைத் தமிழ்நாட்டுல பிப்ரவரியில போட்டாங்க, கேரளாவுல அக்டோபர்ல. ரப்பர் வெட்டப் போயி கழுதுருட்டி, தென்மலைப் பக்கம் இருந்துட்டுத் திரும்புற குடும்பம் இங்க எத்தனை! பிள்ளைக்கு அங்க போட்ட ஊசி மலையாளக் கார்டுல இருக்கு. இங்க டீச்சரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க, தேதி மட்டும் புரியுது, எந்த ஊசின்னு புரியலை. அங்க போனா நம்ம தமிழ் கார்டுக்கு அதே கதி. ஒண்ணு, அதே ஊசியை ரெண்டாவது தடவையும் போடுறாங்க, இல்லைனா போட்டிருப்பாங்கன்னு விட்டுறாங்க. யூ-வின்ல, அதான் மத்திய அரசாங்கத்தோட ஆன்லைன் தடுப்பூசிப் பதிவுல, ஏத்திட்டா எங்க போனாலும் தெரியும்ங்கிறாங்க, நல்லதுதான், மலை மேல எஸ்டேட் லயத்துல சிக்னல் வரட்டும் பேசுவோம். கேரளாவுல 1969ம் வருச ஆட்சிமொழிச் சட்டத்துல தமிழ்க்காரன் அரசாங்கத்துக்குத் தமிழ்ல எழுதலாம், பதிலும் தமிழ்லயே வரணும்னு இருக்கு. மனு தமிழ்ல எழுதலாம்னா பிள்ளை கையில குடுக்கிற கார்டு ஏன் ரெண்டு மொழியில இருக்கக் கூடாது? ஒரே தாளுதான, மேல மலையாளம், கீழ தமிழ். நம்ம பக்கமும் அப்படியே அடிக்கட்டும். கார்டு மட்டுமா, பஸ் போர்டு, ரேஷன் கடை போர்டு, புளியரையில இருந்து புனலூர் வரைக்கும் எல்லாம் ரெண்டு மொழியில வரணும்னு நான் எவ்வளவு காலமா கத்துறேன். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆன பெறவு அடிச்சுக் குடுப்பாங்க, கண் கெட்ட பெறவு சூரிய நமஸ்காரம்.

தலைவர் அண்ணாச்சி மணி அடிச்சுட்டாரு. மூணாவது விஷயத்தை டாக்டரம்மா பேசுவாங்க, அவங்க என்னை விட நல்லாப் பேசுவாங்க. வாசல் பக்கம் மேசையில மனு நோட்டு ரெண்டு இருக்கு, ஒண்ணு சென்னைக்கு, ஒண்ணு திருவனந்தபுரத்துக்கு, ரெண்டுலயும் கையெழுத்து வேணும். ஆரியங்காவு போறவங்க முதல்ல போடுங்க, கடைசி பஸ்ஸை விட்டுறாதீங்க. பிள்ளையோட கார்டைக் கொண்டு வந்தவங்க ஜெராக்ஸ் எடுத்து நோட்டுக்குள்ள சொருகிட்டுப் போங்க. வடை அந்தப் பக்கம் இருக்கு, ஆனா எண்ணெய்க் கையோட நோட்டைத் தொடாதீங்க, கையெழுத்துப் போட்டுட்டு வடை எடுங்க.