நாற்பத்தெட்டு வயதில் ஒரு உலகப் பட்டம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் மகளிர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். குத்துச்சண்டை என்று சொன்னதுமே முன்வரிசையில் இரண்டு அக்காக்கள் முகம் சுளித்ததைப் பார்த்தேன். சரி, சுளித்தபடியே கேளுங்கள்.

ஆலிசியா ஆஷ்லி. 1967-இல் ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த வீராங்கனை. முதலில் நடனக் கலைஞர். முழங்காலில் அடிபட்டு நடனம் நின்றுபோனது. உடன்பிறந்தவர் கிக்பாக்சிங் பக்கம் அழைத்துப் போனார், அங்கிருந்து குத்துச்சண்டை. தொழில்முறை ரிங்கில் ஏறியது 1999-இல், 31 வயதில். அந்த வயதில் ஒரு பெண் நம் அண்ணா விளையாட்டரங்கத்துக்குள் நுழைந்தால், பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருக்கிறாள் என்றுதானே நினைப்போம்?

அவர் வென்ற 24 சண்டைகளில் நாக்அவுட், அதாவது எதிராளியை மேலே சண்டை போட முடியாமல் சாய்த்தது, வெறும் நான்கு. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஓங்கி அடித்தே ஜெயிப்பவர்கள் தாங்களும் நிறைய வாங்கிக்கொள்கிறார்கள். தலையில் விழுந்த அடியை உடம்பு மறப்பதில்லை. ஆலிசியா இடக்கைக்காரர். எதிராளியின் கை வந்து சேரும்போது அவர் தலை அங்கே இருக்காது. தொட்டுவிட்டு விலகிவிடுவார். நடனம் பழகிய கால் அல்லவா! தொழில்முறையில் பெண்களுக்கு ஒரு ரவுண்டு பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான், ஆண்களுக்கு மூன்று. நேரம் குறைவு என்று சொல்லியே பெண்களின் சம்பளத்தையும் குறைக்கிறார்கள் என்ற சண்டை தனி. அதில் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் அடிபடாமல் புள்ளி சேர்ப்பதில் இவர் கெட்டிக்காரர்.

நம் மேரி கோம் 2018-இல் டெல்லியில் ஆறாவது முறை உலகத் தங்கம் வென்றார். ஆனால் அவர் ஆடிய அமெச்சூர், அதாவது ஒலிம்பிக் மாதிரியான, சர்வதேசப் போட்டிகளில் 40 வயதோடு கதவைச் சாத்திவிடுகிறார்கள். தொழில்முறையில் அந்த வேலி இல்லை. அதனால்தான் 2015-இல், 48 வயதில், கிறிஸ்டினா ரூயிஸை வென்று ஆலிசியாவால் உலகப் பட்டம் எடுக்க முடிந்தது. பெண்களில் அந்த வயதில் வேறு யாரும் எடுத்ததில்லை என்று கின்னஸில் ஏறியது.

அடுத்த ஆண்டே கென்யாவின் ஃபதுமா ஜரிகாவிடம் பட்டம் போனது. வீட்டில் உட்காரவில்லை. ஐம்பதைத் தொட்டபின், 2018-இல், டென்மார்க் போய் டினா தோர்ஸ்லுண்டோடு மோதினார். அந்தப் பெண் பிறந்தது 1993-இல், மகள் வயது. தோற்றார், புள்ளிக் கணக்கில், பத்து ரவுண்டும் நின்று.