செங்காயில் தொடங்கும் மணம்

நேயர்களுக்கு வணக்கம். திராட்சை வாங்கியதும் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டு, புளிப்பா இனிப்பா என்றுதான் பார்க்கிறோம். எனக்கு அதைவிட மணம் முக்கியம். பல வருஷமாக அதன் பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

வாழைக்காயை வெட்டி வைத்தாலும் பழுக்கும். திராட்சை அப்படியல்ல. கொடியை விட்டுப் பிரித்துவிட்டால் அதற்குமேல் இனிப்பு ஏறாது. செங்காய்ப் பருவத்தில் ஒரு கொத்தைக் கையில் ஏந்திப் பாருங்கள். ஒரு பழம் சிவந்து, விரலுக்கு மெத்தென்று இருக்கும். அதை ஒட்டியே இன்னொன்று பச்சையாக, கல் மாதிரி. ஒரே கொடி, ஒரே வெயில். உள்ளே ஹார்மோன் அளவுதான் வேறு. ஆக்சின் என்ற ஹார்மோன் தணிந்து, அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் ஏறினால் காய் பழுக்கத் தொடங்கும். அந்த அமிலத்தைத் தெளித்தால் தோல் சீக்கிரம் நிறமேறும். செங்காய் ஆவதற்கு முன்பே ஆக்சின் தெளித்தால் பழுப்பது தள்ளிப்போகும்.

சரி, எதற்காகத் தள்ளிப்போட வேண்டும்? கடும் வெயிலில் சர்க்கரை முந்திக்கொண்டு ஏறிவிடும், மணம் பின்தங்கிவிடும். நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: இனிப்பும் மணமும் ஒன்றாக நடப்பதில்லை.

ஷிராஸ் என்ற ஒயின் திராட்சை வகையைப் பாருங்கள். அதன் ஒயினில் மிளகு வாசனை வரும். காரணம் ரோட்டண்டோன் என்ற பொருள் என்று 2008இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். நம் மிளகிலும் இருப்பது அதுவேதான். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்குங்கள். அதில் வெறும் 16 பங்கு ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் இருந்தால் போதும், மூக்குக்குத் தெரிந்துவிடும். ஆனால் ஐந்தில் ஒருவருக்கு, அதைப்போல இருநூறு மடங்கு இருந்தாலும் தெரியாது! ஒரே கோப்பையை முகர்ந்து ஒருவர் மிளகு என்பார், இன்னொருவர் இல்லவே இல்லை என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்புத்தான். அந்த ஷிராஸ் கொத்துகளில் ஆக்சின் தெளித்துப் பார்த்தபோது, தாமதமாகப் பழுத்த பழத்தில் ரோட்டண்டோன் கூடியது, ஒயினில் மிளகு வாசனையும் தூக்கலாக இருந்தது.

நேரம் நெருங்கிவிட்டது, ஜிப்ரலின் என்ற மற்றொரு ஹார்மோனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விதையில்லாத் திராட்சையைப் பருக்க வைப்பது அதுதான். சாப்பிடும் பழத்துக்கு நல்லது. ஒயினுக்கு அப்படியல்ல. மணப்பொருள்களில் பெரும்பகுதி தோலில்தான் இருக்கிறது. பழம் பருத்தால் சாறு கூடும், அந்தச் சாற்றுக்குத் தோல் போதாது. வணக்கம்.