நூலைப் போல சேலை

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, ஏழாம் வகுப்பில் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, இன்றைக்கும் எங்கே வாய்ப்பாடு கேட்டுவிடுவாரோ என்று பயப்பட வைக்கிற தலைமையாசிரியர் அய்யா அவர்களே, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, சொந்தச் செலவில் சென்னையிலிருந்து வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, எல்லாருக்கும் வணக்கம். பெயர் விட்டுப்போனவர்கள் கோபிக்க வேண்டாம், பட்டியல் எழுதிக் கொடுத்த தம்பியின் கையெழுத்து அப்படி.

பெற்றோர் ஆசையும் நம் வாழ்வும் என்று தலைப்பு. மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். அவர்கள் நமக்காக எதற்கு ஆசைப்பட்டார்கள், வயசான காலத்தில் நாம் அவர்களுக்கு என்ன செய்கிறோம், மூன்றாவது நம் பிள்ளைகள். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை. நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை, வீட்டில் அலுத்துப்போய்விட்டார்கள்.

இரண்டாவதை முதலில் முடித்துவிடுகிறேன். பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் வாங்கித் தர 2007இல் ஒரு சட்டமே போட்டார்கள். கோட்டாட்சியரிடம் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போட முடியும். பெற்ற அம்மா மனு எழுதிக்கொண்டு போய் வரிசையில் நிற்கிற அளவுக்கு விட்டவனிடம் நான் என்ன பேச? சரி, அதை விடுங்கள்.

எங்கப்பா தறிக்காரர். ஆரணிப் பட்டு என்று கடையில் விரித்துக் காட்டுகிறார்களே, அதில் எத்தனையோ சேலை அவர் கை பட்டது. அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். நான் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க வேண்டும், அவர் நாடாவை ஓட்டிக்கொண்டே கேட்பார், கதை சூடு பிடித்தால் தறி நின்றுவிடும், அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள். ஓர் ஐப்பசி மழை. மழை என்றால் குழியில் தண்ணீர் ஊறும், நெசவு கிடையாது, கூலியும் கிடையாது. அந்த நேரம் பார்த்து நூலகத்துப் புத்தகம் என் கை நழுவி குழிக்குள் விழுந்தது. எடுத்தபோது ஆப்பம் மாதிரி உப்பியிருந்தது. பயத்தில் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன், இரண்டாம் நாள் நாற்றம் காட்டிக்கொடுத்தது.

அடி விழும் என்று நினைத்தேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. ஏடு ஏடாகப் பிரித்து அம்மியை வைத்து அழுத்திக் காயவைத்தார். பிறகு தறியில் மிஞ்சிய பட்டு நூலை எடுத்தார். ஆயிரக்கணக்கான இழையைப் பாவு பிணைக்கிற கை, தையல் அத்தனை நெருக்கம். சனிக்கிழமை வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனோம். "இது எத்தனை ரூபாய் சார்?" என்றார். நூலகர் புரட்டிப் பார்த்துவிட்டு, "விலையைக் கட்டினால் புத்தகத்தை நீங்களே வைத்துக்கொள்ளலாம்" என்றார். அப்பா காசை மேசைமேல் வைத்தார். "இவன் படிச்சாச்சு சார், அலமாரியிலேயே இருக்கட்டும், இன்னொரு வீட்டுப் பையனுக்கு ஆகும்" என்றார். நூலுக்கு நூலாலேயே தையல் போட்ட மனுஷன். நூலைப் போல சேலை என்று நான் சும்மா சொல்லவில்லை.

அந்தப் புத்தகம் இன்னும் அங்கேதான் இருக்கிறது, போன வாரம் தொட்டுப் பார்த்தேன். ஆனால் அலமாரிக்கு மேலே தார்ப்பாய். கூரை ஒழுகுகிறது. இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன், பேசக் கூப்பிட்டவர்களுக்கு இது முன்பே தெரியும், தெரிந்துதான் கூப்பிட்டார்கள். சுதந்திர இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது நம் மாகாணம், 1948இல். நூலகத்துறைக்கே தந்தை என்கிற ரங்கநாதன் நம் சீர்காழிக்காரர். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், வரியோடு சேர்த்து ரூபாய்க்கு 10 காசு நூலக வரி என்று வாங்குகிறார்கள். ஆக, ஒழுகுகிற கூரைக்கு நாம் ஏற்கெனவே பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். அப்பா படத்துக்கு வருஷா வருஷம் மாலை போடுகிறோம், சரி, அவர் பிள்ளையைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போன இடம் ஒழுகினால் பார்த்துக்கொண்டிருப்பதா?

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை, தலைவர் அம்மா கடிகாரத்தைப் பார்க்கிறார். வாசலில் சாப்பாட்டுப் பந்திக்கு முன்னால் ஒரு மேசை போட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய மனு வைத்திருக்கிறோம். கையெழுத்துப் போட்டுவிட்டு இலைக்குப் போங்கள். முதல் கையெழுத்து தலைவர் அம்மாவுடையதாக இருக்கட்டும், இந்தாங்கம்மா பேனா.