புகை அடங்கினாலும் ஆபத்து அடங்கலை: கார்பன் மோனாக்சைடு

[காட்சி: மூடிய அறை. சட்டியில் கனலும் கரி.]

இந்தக் கரியை உத்துப் பாருங்க. செவசெவன்னு கனலுது. புகை இல்லை, நெடி இல்லை. "புகைதான் அடங்கிடுச்சே"ன்னு குளிருக்கு இதை உள்ளே வெச்சு, கதவைச் சாத்திட்டுப் படுக்கிறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. புகை நின்ன பிறகும் இதுலேர்ந்து கார்பன் மோனாக்சைடு வந்துக்கிட்டேதான் இருக்கும்.

கரி, விறகு, கேஸ், பெட்ரோல், எது எரிஞ்சாலும் காத்து பத்தலைன்னா இந்த வாயு உண்டாகும். சமையல் கேஸ் கசிஞ்சா மூக்கு சொல்லிடும். அதுக்குன்னே வாடை கலந்திருக்காங்க. இதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிறது ஹீமோகுளோபின். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா கார்பன் மோனாக்சைடு அதைப் பிடிச்சுக்கும். மூச்சு ஓடும், மூளைக்கும் இதயத்துக்கும் வேண்டிய ஆக்சிஜன் போய்ச் சேராது.

[காட்சி: விரலில் ஆக்சிமீட்டர். திரையில் 98.]

இந்த 98-ஐ நம்பிடாதீங்க. ஹீமோகுளோபின்ல ஏறியிருக்கிறது ஆக்சிஜனா, கார்பன் மோனாக்சைடான்னு சாதாரண ஆக்சிமீட்டருக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. ரத்தப் பரிசோதனையிலதான் தெரியும்.

தலைவலி, தலைசுத்தல், குமட்டல், அசதி, ஆனா காய்ச்சல் இல்லை. வீட்டுல எல்லாருக்கும் ஒண்ணா வருது, வெளியே போனா தேவலையா இருக்கு. அப்போ சந்தேகப்படுங்க. தூங்குறவங்களுக்கு இந்தத் தலைவலிகூடத் தெரியாது. எனக்குப் பெரிய பயமே அதுதான். முதல்ல எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வாங்க, அப்புறம் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. எதையாவது எடுக்கணும்னு திரும்ப உள்ளே போகாதீங்க. ரத்தத்துல ஏறினது பாதியாக் குறையவே வெளிக்காத்துல 4, 5 மணி நேரம் ஆகும். முகமூடி வழியா முழு ஆக்சிஜன் கொடுத்தா சுமார் ஒன்றரை மணி நேரத்துல பாதியாக் குறையும். அதனாலதான் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்.

ஜெனரேட்டரை ஜன்னல், கதவுலேர்ந்து 6 மீட்டராவது தள்ளி, திறந்த வெளியில வைங்க. கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். அதோட புகைக்குழாய் வெட்டவெளிக்குப் போகணும். அடுப்புல நீலச் சுடர் மஞ்சளாயிட்டா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

[காட்சி: படுக்கையறைக்கு வெளியே அலாரம்.]

இத்தனைக்கும் மேல, கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒண்ணு வேணும். புகை அலாரம் இதுக்கு உதவாது. தூங்குற இடத்துக்குப் பக்கத்துல, மாடி இருந்தா மாடிக்கு ஒண்ணு. ஏற்கெனவே இருந்தா இப்பவே கழட்டித் திருப்பிப் பாருங்க, எந்த வருஷம் வரைக்கும்னு போட்டிருக்கும். அது தாண்டியிருந்தா, பட்டனை அமுக்கும்போது நல்லா கத்தினாலும் மாத்திடுங்க. பட்டன் சோதிக்கிறது பேட்டரியையும் சத்தத்தையும்தான். உள்ளே வாயுவைக் கண்டுபிடிக்கிற சென்சாரை இல்லை.